கறவைக் கையின் நோவு: உள்முழங்கை வலியும் வைத்தியமும்

முழங்கையை லேசாக மடக்கி, உடலை ஒட்டிய பக்கத்தில் தடவிப் பார்த்தால் ஓர் எலும்புப் புடைப்பு விரலில் தட்டுப்படும். மேற்கை எலும்பின் கீழ்முனை உட்புறமாகத் துருத்தி நிற்கும் இடம் அது. மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கும் தசைகள், விரல்களை மூடிப் பிடிக்கும் தசை, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசை என ஐந்து தசைகள் அங்கிருந்து புறப்பட்டு முன்கை வழியாகக் கீழே இறங்குகின்றன. ஐந்துக்கும் பொதுவான வேர்போல ஒரு தசைநாண் அந்த முண்டில் பதிந்திருக்கிறது. அந்த வேரில் உண்டாகும் சிதைவும் வலியும்தான் உள்முழங்கைத் தசைநாண் வலி. மருத்துவ நூல்களில் இதன் பெயர் மீடியல் எபிகாண்டிலைட்டிஸ். மருத்துவமனைப் பேச்சில் கோல்ஃபர்ஸ் எல்போ.

கோல்ஃப் மட்டையை வீசிப் பந்தைத் தொடும் கணத்தில், வலக்கைக்காரரின் வலது முழங்கையில் இந்தத் தசைகள்மேல் பெரும் விசை இறங்குகிறது. அதிலிருந்து வந்தது அந்தப் பெயர். தமிழ்நாட்டில் கோல்ஃப் ஆடுமிடங்கள் உதகை, கொடைக்கானல், கோவை, சென்னை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சேலம், நாமக்கல் பக்கம் இந்த வலியோடு வருகிற பலர் கோல்ஃப் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். உலக அளவிலும் இந்த நோய் விளையாட்டு வீரர்களைவிடக் கையால் உழைப்பவர்களிடமே மிகுதி. பெயரைப் பார்த்து இது வசதியானவர்களின் நோய் என்று நினைத்தால், நோயாளியும் தன் வேலையைப் பற்றிச் சொல்லமாட்டார். மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடுவார்.

வேலையிலிருந்து தொடங்குவதே சரி. சேலத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில், சென்னை நெடுஞ்சாலையிலிருந்து அரூர்ச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் அறியப்பட்ட ஊர். அதைச் சுற்றியுள்ள மாசிநாயக்கன்பட்டி, வலசையூர், மின்னாம்பள்ளி, காரிப்பட்டிப் பக்கங்களில் தென்னையும் குச்சிக்கிழங்கும் கறவை மாடும் இல்லாத தெரு குறைவு. இந்த மூன்றுமே பிடித்து இறுக்கும் கையை, முறுக்கும் மணிக்கட்டைக் கேட்கிற வேலைகள்.

பால் கறக்கும் கையைச் சற்று அருகிலிருந்து கவனித்தால் நோவின் காரணம் கண்ணுக்கே தெரியும். மாட்டின் மடியோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குண்டாவை இடுக்கிக்கொண்டபின், கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்பின் மேல்பகுதியை வளையம்போல அடைக்கின்றன. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஒன்றன்பின் ஒன்றாக மூடிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. பிடி தளர்கிறது, மடியிலிருந்து காம்புக்குப் பால் இறங்குகிறது, மறுபடியும் பிடி. ஒரு கைக்கு நொடிக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொண்டால், ஏழு நிமிடக் கறவையில் 420 பிடி. மூன்று மாடு, காலையும் மாலையும் என்றால் ஒரு நாளைக்கு 2,500 பிடியைத் தாண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அன்றாட ஓய்வில் ஆறவேண்டிய தசைநாணுக்கு ஆறுவதற்கான நாள் கிடைப்பதேயில்லை.

சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதி வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்குக் கம்பி வளைப்பவரின் குறடு பிடித்த கை. கடப்பாரையில் தேங்காய் உரித்து முறுக்குபவரின் மணிக்கட்டு. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வீல் ஸ்பேனர் திருகுபவரின் முன்கை. கொத்தனாரின் கரணை, தச்சரின் திருப்புளி, பரோட்டாக் கடை மாஸ்டரின் மாவு என்று இந்த வரிசை நீளும். வீட்டில் பெட்ஷீட்டை முறுக்கிப் பிழிகிற பெண்களுக்கு இது வருவதைப் பெரும்பாலும் யாரும் தொழில்நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கவேண்டும்.

பின்லாந்தில் 30 முதல் 64 வயதுவரையுள்ள 4,783 பேரைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு, 0.4 விழுக்காட்டினருக்கு உள்முழங்கை வலியும் 1.3 விழுக்காட்டினருக்கு வெளிமுழங்கை வலியும் இருந்ததாகக் கண்டது. வெளிப்பக்கத்தில் வருவது டென்னிஸ் எல்போ. சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல் வந்து, 2005-ல் அறுவை சிகிச்சைவரை போனதால் இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பெயர். உள்பக்க வலிக்கு அப்படியொரு புகழ் கிடைக்கவில்லை. 40 வயதுக்கு மேல், அதிகம் புழங்கும் கையில், புகை பிடிப்பவருக்கும் உடல் பருத்தவருக்கும் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் கூடுதலாக வருகிறது.

உள்ளே நடப்பது என்ன

ஊரில் இதை ‘நரம்பு புடிச்சுக்கிச்சு’ என்பார்கள். நரம்பு வேறு, தசைநாண் வேறு. நரம்பு செய்தி கடத்தும் கம்பி. தசைநாண் தசையை எலும்போடு கட்டும் கயிறு. நல்ல தசைநாண், சேலம் அம்மாப்பேட்டைத் தறியில் ஏற்றிய பாவு போன்றது: கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசையில் விறைப்பாக ஓடும். இழுப்பு ஓரளவுக்குள் இருக்கும்வரை, அறுபடும் ஒன்றிரண்டு இழைகளை உடல் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிப்பதைவிட அறுபடுவது வேகமாகிவிட்டால், புதிய இழைகள் வரிசை தப்பிச் சிக்குண்ட நூல்போலத் தாறுமாறாக முளைக்கின்றன. நடுவே தேவையற்ற நுண்ணிய இரத்தக் குழாய்களும் வலி உணரும் நரம்பு நுனிகளும் புகுகின்றன. தசைநாண் தடித்தும் வலுவிழந்தும் போகிறது.

அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல், 1979-ல் தம் சக மருத்துவரோடு சேர்ந்து, அறுவையில் எடுத்த முழங்கைத் தசைநாண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதியபோது இந்தச் சித்திரம் தெளிவானது. அவர் பார்த்தவை வெளிப்பக்கத் தசைநாண்கள். உள்பக்கமும் அதே வகைதான். வீக்கத்துக்கும் அழற்சிக்கும் உரிய இரத்த அணுக்கள் அங்கே பெரிதாக இல்லை. ‘ஐட்டிஸ்’ என்ற விகுதி அழற்சியைக் குறிப்பதால் பழைய பெயர் பொருந்தாது என்று பலர் இப்போது தசைநாண் சிதைவு என்றே சொல்கிறார்கள். சொல் மாறியதால் வைத்தியமும் மாறியது. அழற்சியானால் அதை அடக்கும் மாத்திரையும் ஊசியும் போதும். சிதைவானால் இழைகளை மீண்டும் வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு மாத்திரை கிடையாது. தசைநாண் ஒரே மொழியைத்தான் கேட்கும்: அளந்து கொடுக்கும் பளு.

அடையாளம் காண்பது

“முட்டிக்கு உள்ளாற சுருக்குனு குத்துதுங்க, சொம்பு தூக்கக்கூட முடியலைங்க” என்பதுதான் பெரும்பாலும் முதல் வார்த்தை. புடைப்பிலிருந்து முன்பக்கமாக, அரை சென்டிமீட்டர் கீழே விரல் வைத்து அழுத்தினால் வலி துல்லியமாக அங்கே இருக்கும். சிலருக்கு முன்கை வழியே மணிக்கட்டை நோக்கி இழுக்கும். கை குலுக்கும்போது, கதவுக் குமிழைத் திருப்பும்போது, நிறை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது வலி கூடும். காலையில் முழங்கை விறைப்பாக இருந்து, கொஞ்சம் புழங்கியபின் இளகும்.

பரிசோதனை எளிது. முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மணிக்கட்டை மடக்கச் சொல்லி மருத்துவர் எதிர்த்துப் பிடிப்பார். அடுத்து, கை குலுக்குவதுபோலப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லித் தடுப்பார். இரண்டிலும் அதே புள்ளியில் வலித்தால் நோய் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ரே தொடக்கத்தில் எதையும் காட்டாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தசைநாணின் தடிப்பையும் கிழிசலையும் காட்டும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை.

இந்த ஐந்து தசைகளில் ஒன்றான பால்மாரிஸ் லாங்கஸை வாசகர் தம் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு எழும்பி நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இராது. கைக்கு அதனால் குறையொன்றும் வருவதில்லை. 1974-ல் அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பேஸ்பால் வீரரின் கிழிந்த முழங்கை மூட்டு நாரைச் சரிசெய்ய, அவருடைய மற்றொரு கையிலிருந்து இந்தத் தசைநாணைத்தான் எடுத்து வைத்துத் தைத்தார். அந்த வீரர் மறுபடியும் பந்து வீசினார்.

உள்முழங்கைத் தசைநாண் வலியைப்போலவே தோன்றும் வேறு நோய்களைப் பிரித்தறிவதுதான் கவனம் தேவைப்படும் வேலை. புடைப்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அல்நார் நரம்பு ஓடுகிறது. கதவில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று மின்சாரம் பாய்வது இதனால்தான். தசைநாண் வலியோடு சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போனால், பிடியில் பலம் குறைந்தால், நரம்பும் நசுங்குகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு அழுந்தினாலும் வலி முன்கையின் உட்புறம் இறங்கும். ஓங்கிப் பந்து எறியும் சிறுவர்களுக்கு வருவது தசைநாண் வலியாக இராமல், வளரும் எலும்பின் குருத்துப் பகுதி இழுபடுவதாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. நடந்தாலோ படியேறினாலோ இடது கையின் உட்புறம் வலித்து, நின்றதும் தணிந்தால், கூடவே நெஞ்சில் அழுத்தமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால், அது முழங்கைப் பிரச்சினை ஆகாது. இதய வலி அந்த வழியாகவும் பரவும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை அது. எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

முதல் சில வாரங்கள்

வலி கடுமையாக இருக்கும் நாட்களில் வலி தரும் வேலையைக் குறைப்பதே முதல் மருந்து. அடியோடு நிறுத்துவது தேவையில்லை; பல வாரம் கட்டுப்போட்டுக் கையை அசையாமல் வைத்தால் தசைநாண் இன்னும் மெலியும். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 10, 15 நிமிடம் வைப்பது வலியைத் தணிக்கும். வலிநிவாரணக் களிம்பு, மாத்திரையைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் முழங்கைப் பட்டையை முழங்கைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப்பற்றின்மேல் கட்டவேண்டும், புடைப்பின்மேல் கட்டக்கூடாது. விரல் மரத்தால் பட்டை இறுக்கமாகி நரம்பை அழுத்துகிறது; தளர்த்திவிட வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008-ல் கடும் எச்சரிக்கை இட்டது. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் பழக்கம் நம் ஊரில் மிகுதி என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அளந்து ஏற்றும் பளு

பளு ஏற்றியபின் முதல் ஒரு நாளில் தசைநாணில் அழிவு ஆக்கத்தைவிடச் சற்று மிஞ்சுகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஆக்கம் முந்துகிறது. கனமான பயிற்சிக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். தினமும் 2,500 பிடி பிடிக்கும் கைக்குக் கிடைக்காமல் போனது அந்த இடைவெளிதான்.

பயிற்சியின் முதல் படி அசைவில்லாதது. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையைத் தொடைமேல் உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்து, மறுகையால் உள்ளங்கையைக் கீழே அழுத்த, இந்தக் கை அசையாமல் எதிர்த்து நிற்கவேண்டும். 30 முதல் 45 நொடி, ஒரு நிமிட ஓய்வு, நான்கைந்து முறை. வலி அதிகமாக இருப்பவருக்கும் பெரும்பாலும் இது ஒத்துக்கொள்ளும்.

இரண்டாம் படிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முன்கையை மேசை விளிம்பில் வைத்து, மணிக்கட்டு வெளியே நீட்டியிருக்க, பாட்டிலை உள்ளங்கையில் பிடிக்கவேண்டும். மறுகையின் உதவியால் மேலே தூக்கி, நோவுள்ள கையால் மட்டும் நான்கு எண்ணும்வரை மெல்ல இறக்கவேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று. தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும் இந்த இறக்கம்தான் தசைநாணுக்கு வேண்டிய பாடம். மற்ற வைத்தியங்களில் குணமாகாத 20 பேருக்கு, முறுக்கும் ரப்பர் உருளையால் இதே வகைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2014-ல் வெளிவந்தது. வலி நன்கு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனாலும் தசைநாண் பற்றித் தெரிந்த மற்றவற்றோடு அது பொருந்துகிறது.

மூன்றாவது, சுத்தியல். பிடியின் அடிமுனையைப் பற்றி, சுத்தியல் தலை மேலே நிற்கும்படி வைத்து, இருபுறமும் மெல்லச் சாய்த்து நிமிர்த்தவேண்டும். கடினமாக இருந்தால் பிடியில் கையைத் தலைக்கு அருகே நகர்த்திக்கொள்ளலாம். பளு தானே குறையும். உள்ளங்கையைத் திருப்பும் தசைக்கு இது நேரான பயிற்சி. தோளும் தோள்பட்டையும் வலுவில்லாதவர் எல்லா வேலையையும் முன்கையால் செய்வார் என்பதால் அவற்றுக்கும் பயிற்சி சேர்ப்பார்கள்.

எவ்வளவு வலி பொறுக்கலாம்? பத்துக்கு மூன்று, நான்கு மதிப்பெண் அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பளு அதிகம். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பலர் மூன்றாம் வாரத்தில், வலி பாதி குறைந்ததும் விட்டுவிடுகிறார்கள். நோவு திரும்ப வருவது பெரும்பாலும் அவர்களுக்கே.

கைரோபிராக்டிக்

கையால் மூட்டுகளைச் சரிசெய்யும் இந்த முறையை 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கினார். கிரேக்கத்தில் ‘கைர்’ என்றால் கை; தமிழ்க் காதுக்கு அந்த ஒற்றுமை தற்செயலானாலும் இனிக்கிறது. முதுகெலும்பின் கணுக்கள் சற்று விலகுவதே பெரும்பாலான நோய்க்குக் காரணம் என்பது பால்மரின் கருத்து. அதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. கைரோபிராக்டர்களிலேயே பலர் அதை விட்டுவிட்டு, எலும்பு, மூட்டு, தசை வலிக்கு மட்டும் கைவைத்தியமும் பயிற்சியும் தருபவர்களாக மாறியிருக்கிறார்கள்.

உள்முழங்கை வலியோடு வருபவருக்கு நல்ல கைரோபிராக்டர் செய்வது இதுதான்: கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு நான்கையும் பரிசோதித்து, விறைத்த மூட்டை மெல்ல அசைத்து இளக்குவார். முன்கைத் தசைகளைக் கையாலோ விளிம்பு மழுங்கிய உலோகக் கருவியாலோ நீவிவிடுவார். தோலில் ஒட்டும் வண்ண நாடாவைப் போடுவார். அந்த நாடாவை 1970-களில் உருவாக்கிய ஜப்பானியர் கென்சோ காசேயும் ஒரு கைரோபிராக்டர்தான். பிறகு மேலே சொன்ன பயிற்சிகளைக் கற்றுத்தருவார்.

இவற்றில் எதற்குச் சான்று உண்டு? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பில் விசென்சினோவும் சகாக்களும் 1996-ல், வெளிமுழங்கை வலியுள்ள 15 பேருக்குக் கழுத்து மூட்டை மென்மையாகப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்கள். முழங்கை வலி உடனே குறைந்தது; பிடி வலு கூடியது. கழுத்தைத் தொட்டால் முழங்கை இளகுவது உண்மைதான். மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதம் சற்று நேரத்துக்கு மாறுவதே அதற்கு விளக்கம். சிக்குண்ட இழைகள் அந்த அசைவால் வரிசைக்கு வந்துவிடுவதில்லை. உள்பக்க வலிக்கென்று கைரோபிராக்டிக்கைச் சோதித்த பெரிய ஆய்வுகள் இல்லை. ஆகவே இதைப் பயிற்சிக்குக் கையைத் தயார்ப்படுத்தும் துணையாக வைத்துக்கொள்வது நியாயம். வலி தணிந்த அந்த இடைவேளையில் பயிற்சியைத் தொடங்கமுடிந்தால் காசுக்குப் பலன் உண்டு. படுத்து எழுந்து வந்துவிடுவதோடு முடிந்தால் வலி திரும்பும்.

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கழுத்தைத் திருகி ‘டக்’ என்று சத்தம் எழுப்பும் காட்சிகள் பல லட்சம் பேரைக் கவர்கின்றன. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் ஓசை இல்லை. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குழி உருவாகும் ஓசை. 2015-ல் கனடாவில் விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் இழுத்து அதைப் படமாகவே பிடித்தார்கள். சத்தம் வந்ததா, வரவில்லையா என்பதற்கும் குணமாவதற்கும் தொடர்பில்லை.

கழுத்தை வேகமாகத் திருகுவதில் அரிதானாலும் கொடிய ஆபத்து உண்டு. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். எலும்பு மெலிந்த முதியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள் இதை ஒருபோதும் செய்துகொள்ளக் கூடாது. முழங்கை வலிக்காகக் கழுத்தைத் திருகச் சம்மதிப்பது, இந்தக் கட்டுரையின் கணிப்பில், யாருக்குமே தேவையில்லாத துணிச்சல்.

கைரோபிராக்டர் ஆவதற்குக் குறைந்தது 4,200 மணிநேர நேரடிப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வழிகாட்டியது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லை. சில நாள் வகுப்புக்குப் போய்விட்டுப் பலகை மாட்டுபவரையும், வெளிநாட்டில் பல ஆண்டு படித்தவரையும் பலகை பிரித்துக் காட்டாது. எங்கே படித்தார், எத்தனை ஆண்டு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கையைத் தொட்டுப் பார்க்குமுன்பே இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

பிசியோதெரபி 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் இடம்பெற்ற, பட்டப்படிப்புள்ள தொழில். மூட்டை அசைப்பது, நீவுவது, நாடா ஒட்டுவது, பயிற்சி எல்லாம் பிசியோதெரபிஸ்ட்டுகளிடமும் உண்டு. அயோத்தியாப்பட்டணத்துக்காரருக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பஸ் தூரத்தில் இருக்கிறது. காசு செலவில்லாமல் எலும்பு மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் அங்கே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவரும் பிசியோதெரபியும் அடக்கம். நடமாட முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி.

சுளுக்கெடுப்பு

கைரோபிராக்டிக் என்ற பெயர் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சுளுக்கெடுப்பவர்கள் இருந்தார்கள். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவி நீவுபவர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. காலால் பிறந்தவர் தொட்டால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் நீவுமுறையும் வர்மமும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அவற்றுக்கான இடங்கள். முன்கைச் சதையை மென்மையாக நீவுவது இதம் தரும், தடையில்லை. புடைப்பின்மேலும் அதன் பின்பள்ளத்திலும் அழுத்தித் தேய்ப்பது நரம்பைப் புண்ணாக்கும். கீழே விழுந்து முழங்கை வீங்கியிருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை நீவவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. உடைந்த முழங்கையை, அதிலும் குழந்தையின் முழங்கையை, நீவியதால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொண்டதையும், இறுக்கிய கட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் சுருண்டதையும் எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

ஊசியும் கத்தியும்

‘ஒரே ஊசி, வலி போயிடும்’ என்பது பாதி உண்மை. 1997-ல் ஸ்டாலும் காஃப்மனும் உள்முழங்கை வலியுள்ள 58 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு உப்புநீரும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு முந்தியது. மூன்றாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வெளிப்பக்க வலியில் நடந்த பெரிய ஆய்வுகளில், ஓராண்டுக்குப்பின் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப் பள்ளம் விழலாம். நம் தோல் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். நரம்பு அருகிலேயே இருப்பதால் ஊசி தவறவும் கூடாது. மகள் கல்யாணம், அறுவடை என்று தள்ளிப்போட முடியாத சில வாரங்களைத் தாண்ட ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். திரும்பத் திரும்பப் போடுவது தசைநாணை அறுக்கும். நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிஆர்பி ஊசிக்கும், அதிர்வலைச் சிகிச்சைக்கும் முடிவுகள் கலவையாகவே வந்துள்ளன, செலவும் கூடுதல்.

ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை முறையான பயிற்சி செய்தும் வலி குறையாத சிறு பங்கினருக்கே அறுவை சிகிச்சை. கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து நல்ல தசைநாணை எலும்போடு தைப்பார்கள்; நரம்பு நசுங்கியிருந்தால் அதையும் விடுவிப்பார்கள். கனமான வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

வேலைக்குத் திரும்புதல்

குணமான கை பழைய வேலைக்கே திரும்பப்போகிறது என்பதால் வேலையையும் கொஞ்சம் மாற்றவேண்டும். சுத்தியல், அரிவாள், ஸ்பேனர் பிடிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கினால் பிடிக்கச் செலவிடும் விசை குறையும். ஸ்பேனருக்குக் குழாயை மாட்டி நீளமாக்கினால் முறுக்கும் வேலையைத் தோள் ஏற்றுக்கொள்ளும். துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் தொங்கவிட்டு வடியவிடலாம். கொலுசுப் பட்டறையில் குறட்டுக்குள் ஸ்பிரிங் இருந்தால் திறக்கும் வேலை கைக்கு மிச்சம். குச்சிக்கிழங்கு பிடுங்குபவர், மண்ணை முதலில் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டு, முழங்கையை நீட்டி, காலால் ஊன்றி இழுக்கலாம்.

கறவையில், மடியைச் சுடுநீரில் நனைத்த துணியால் துடைத்துக் கன்றையும் ஊட்டவிட்டுப் பால் நன்றாகச் சுரந்தபின் கறந்தால் பிடியின் எண்ணிக்கையும் இறுக்கமும் குறையும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கத்தைவிட முழுக்கைப் பிடியே காம்புக்கு நல்லது என்பது கால்நடை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்வது. முழுக்கைப் பிடியில் சுமை நான்கு விரல்களுக்கும் பரவுகிறது. முதல் இரண்டு வாரம் ஒரு மாடு மட்டும், அடுத்த இரண்டு வாரம் இரண்டு, பிறகு மூன்று என்று வீட்டில் மற்றவரோடு பங்கிட்டுக்கொண்டு ஏறினால் தசைநாணும் கூடவே ஏறிவரும். மூன்றாவது மாட்டை எடுத்த மறுநாள் காலை முழங்கை விறைத்திருந்தால், ஒரு வாரம் இரண்டுக்கே திரும்பிவிட்டு மறுபடியும் தொடங்கவேண்டும்.